படுத்துப் பார்த்தவர்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த அன்று, வந்து கால் மணி நேரம் ஆவதற்குள், அவர் என் அப்பாவின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். செருப்பை வாசலில் விட்டிருந்தார். காலைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் ஏறினார். இருந்தாலும் படுத்துவிட்டார். என் மனைவி கையில் காப்பி டம்ளரோடு நின்றாள். நான் வாயில் ஒரு வாக்கியத்தோடு நின்றேன். காப்பி ஆறிப்போனது. வாக்கியம் இன்றுவரை முடியவில்லை.

அவர் பெயரை எழுதக்கூடாது என்பது அவரே போட்ட நிபந்தனை. "பேரு போட்டா எல்லாரும் என்னையே அனுப்பச் சொல்லுவாங்க. எனக்கு இன்னா பத்துக் கையா கீது?" என்றார். எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் முன்னால் நின்றால் யாருக்கும் வயது ஏறுவதில்லை.

என் அப்பா திருவள்ளூர் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் ஆனதைச் செய்துவிட்டு, "இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு திருநின்றவூரில். வீட்டில் நானும் என் மனைவியும். அவள் பள்ளிக்கூட வேலைக்கு ரயிலேறிப் போய்விடுவாள். நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். அதை வைத்துச் சாப்பிட முடியாது என்பதால் பதிப்பகங்களுக்கு மெய்ப்பு திருத்துகிறவன். ஆக, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருக்கும் வசதியும், பார்த்துக்கொள்ளத் தெரியாத தகுதியும் எனக்கு ஒருசேர அமைந்திருந்தன.

கடம்பத்தூரில் ஓர் அம்மாள் வீட்டுக்கே ஆள் அனுப்புகிறார் என்று மளிகைக்கடைக்காரர் சொல்லி, போன் செய்து, அப்படி வந்தவர்தான் அக்கா. வெள்ளை உடுப்பும் அட்டையில் செருகிய படிவமுமாக ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தேன். சின்னாளப்பட்டிப் புடவையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாக வந்தார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை நீட்டினேன். வாங்கவில்லை. நேரே கட்டிலருகே போய் நின்று அப்பாவின் காலைப் பார்த்தார்.

அப்பாவின் இடது கால்மேல் ஒரு நாவலின் மெய்ப்புக் கட்டு இருந்தது. எழுநூறு பக்கம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாமே என்ற பிள்ளைப் பாசத்தில், திருத்திய தாளை அந்தக் காலின்மேல் அடுக்கி வந்தேன். இடது காலில் உணர்ச்சி குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'குறைவு' என்பதை நான் 'இல்லை' என்று திருத்திக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

"இது இன்னா சார்?"

"ப்ரூஃப்."

"அத்தக் கேக்கல. அதுக்கு அடியில கீதே, அது இன்னா?"

"கால்."

"தெரியாம வெச்சிட்டீங்களோன்னு பாத்தேன்," என்றார். குரலில் கிண்டலே இல்லை. அதனால்தான் அது இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது.

கட்டை எடுத்து வைத்துவிட்டு, நானும் அவருமாக அப்பாவை நாற்காலிக்கு மாற்றினோம். அப்பா காலியாக விட்ட இடத்தில்தான் அவர் படுத்தார். தலையணையைச் சரி செய்யவில்லை, இருந்தபடியே வைத்துக்கொண்டார். "இப்ப அந்தக் கட்டை எடுத்து என் கால் மேல வைங்க," என்றார். வைத்தேன். "பேசாம இருங்க கொஞ்ச நேரம்."

இருந்தோம். மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு ரயில் போனது. அப்புறம் அவர் கூரையைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். "கெடியாரம் தலைக்குப் பின்னால மாட்டிருக்கு. மணி எவ்ளோன்னு நைனாவுக்குத் தெரியாது. மருமக எப்ப வரும்னு பாத்துகினே கெடப்பாரு. ஃபேனுக்கு மூடி லூசு. அது எப்ப உழும்னு பயம். டியூப்லைட்டு கண்ணுல குத்துது. ஜன்னலுக்கு முதுகு காட்டினு கெடக்காரு. எதிர் செவுத்துல இன்னா கீது? ஒரு ஆணி. மூணு வாரமா ஆணியப் பாத்துகினு கெடந்தா உனக்குப் பேச்சு வருமா?" கடைசிக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. சாரிலிருந்து 'உனக்கு' வரை இறங்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

பிறகு எழுந்து, தன் இடது காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அப்பாவிடம் போய், "கனமாத்தான் கீது, இல்ல நைனா?" என்றார்.

அப்பாவின் வாய் கோணியது. வலது கை எழுந்தது. "க…னம்," என்றார்.

மூன்று வாரத்தில் அவர் சொன்ன முதல் சொல். என் மனைவி அழுதாள். நானும் அழுதேன். நான் அழுததற்கு வேறு காரணமும் உண்டு.

அக்கா அழவில்லை. கட்டிலைத் திருப்பிப் போட ஒரு கை பிடிக்கச் சொன்னார்.

அவருடைய தொழில் முழுவதும் இவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு முன் அந்த வீட்டு நோயாளியின் கட்டிலில் படுத்துப் பார்ப்பார். திருவள்ளூரில் ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டில் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, "கண்டவங்க படுக்கறதுக்கா கட்டில்?" என்றார்களாம். "சரி, அப்ப கண்டவங்க வந்து பாத்துக்கவும் வேணாம்," என்று கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அடுத்த வாரம் தாசில்தாரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனார். படுத்தார். "கட்டில் நல்ல தேக்கு. ஆனா நடுவுல பள்ளம். இடுப்பு போயிடும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் வார்டு உதவியாளராக இருந்தவர். ஒரு மழைநாளில் ரயில்வே மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. வேலை பார்த்த அதே வார்டில், தானே ஆயிரம் முறை விரிப்பு மாற்றிய அதே கட்டிலில் படுக்க வேண்டியதாயிற்று. "பதினெட்டு வருசம் நின்னுகினு பாத்த ரூமு சார். படுத்துப் பாத்தா அது வேற ரூமு," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் இதை வைத்து எட்டுப் பக்கம் எழுதியிருப்பேன். அவருக்கு இரண்டு வாக்கியம் போதுமாக இருந்தது.

எலும்பு கூடி வந்ததும் அந்த வேலையை விட்டார். கடம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, ஒரு போன், ஒரு கட்டில், மூன்று பெண்கள் என்று ஆரம்பித்தார். போன் நோயாளிகளுக்கு. கட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு. புதிதாகச் சேர்கிற யாராக இருந்தாலும் முதல் நாள் வேலை படுத்திருப்பதுதான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை எழக்கூடாது. இடது கையை அசைக்கக்கூடாது. மறந்துவிடாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு கைக்குட்டை கட்டப்படும். யாராவது கேட்டால்தான் பேசலாம். மற்றவர்கள் ஊட்டுவார்கள், துடைப்பார்கள், புரட்டிப் போடுவார்கள்.

அந்தக் கட்டிலில் பலர் தோற்றிருக்கிறார்கள். முறையாக நர்சிங் படித்த ஒரு பெண் பதினோரு மணிக்கே எழுந்து போய்விட்டாள். ஒரு பழைய கம்பவுண்டர், படுக்கையிலேயே மலம் கழிக்கத் தனக்குத் தட்டம் வைத்தபோது கோபித்துக்கொண்டு சட்டையை மாட்டிக்கொண்டார். ஒரு பெண் அசையாமல் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் வேலை கிடைக்கவில்லை. காரணம், நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். "ஊட்ல தூங்க நேரம் இல்ல போல, பாவம். ஆனா தூங்கினா இன்னா தெரியும்?" என்று அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, இன்னொரு நாள் வரச் சொன்னார். வந்தாள். விழித்திருந்தாள். சேர்த்துக்கொண்டார்.

இதில் தெருக்காரர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. எதிர்வீட்டு அம்மாள் இரக்கசாலி. ஜன்னல் வழியே ஒரு பெண் படுத்திருப்பதைப் பார்த்து ரசம் சாதம் கொண்டுவந்தார். மறுநாள் அதே கட்டிலில் வேறொரு பெண். அதற்கு மறுநாள் இன்னொருத்தி. முந்தைய நாள் படுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. நாலாம் நாள் ஓர் ஆண்பிள்ளை. அவ்வளவுதான், வந்து படுத்தவரை ஒரே நாளில் கொண்டுபோகிற வியாதி என்று தெரு முழுக்கப் பரவி, சுகாதார ஆய்வாளர் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்து நின்றார். வாசலில் வெள்ளையாகக் கோலம் போட்டதுபோல் தூவிவிட்ட பிறகுதான் விசாரித்தார்.

அக்கா யாரையும் திட்டவில்லை. எதிர்வீட்டு அம்மாளை உள்ளே கூப்பிட்டு, "இவ்ளோ பயம் கீதே, நீயே ஒருநாள் படுத்துப் பாரு," என்றார். அந்த அம்மாள் படுத்தார். சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போய், படுக்கையில் இருந்த தன் மாமியாரின் கட்டிலை வாசல் பார்த்துத் திருப்பிப் போட்டார். அடுத்த வாரம் வேலைக்கே சேர்ந்துவிட்டார். இன்று கடம்பத்தூர் அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. ரசம் மட்டும் இன்னும் தானே வைக்கிறார்.

இப்படித்தான் அந்த நிறுவனம் வளர்ந்தது. திட்டம் போட்டு அல்ல. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு. ரயில் எங்கெல்லாம் நிற்குமோ அங்கெல்லாம் நாலைந்து பெண்கள் சேர்ந்தார்கள். முன்பு நாற்று நட்ட குடும்பங்களிலிருந்து, கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலியாக இருந்த வீடுகளிலிருந்து வந்தார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் ஆறே மாதத்தில் அவரைக் கோலூன்றி வாசல்வரை நடக்க வைத்துவிட்டாள். வாசலில் நின்று அப்பா தெருவுக்குத் தீர்ப்பு வழங்குகிறார். பேச்சு பாதி வந்திருக்கிறது. என் கட்டுரைகளைப் பற்றிச் சொல்ல அந்தப் பாதியே போதுமானதாக இருக்கிறது.

என் பங்கு கதைக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய இரும்பு வார்ப்பாலை. அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், விபத்தில் அடிபட்டு வீட்டில் கிடப்பவர்கள் என்று சுற்று வட்டாரக் கிராமங்களில் நிறையப் பேர். அவர்களை வீட்டில் வைத்துக் கவனிக்க ஒரு நிறுவனத்தை ஏற்பாடு செய்ய ஆலை முடிவு செய்திருந்தது. அக்காவின் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். ஆந்திர எல்லைக்கு ஒரு கூப்பிடு தூரம். கும்மிடிப்பூண்டியிலேயே இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு பெண்களை வேலைக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். அந்தப் பெண்களில் பாதிப் பேர் இருந்த வேலையை விட்டுவிட்டார்கள். ஆலை கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து, வேலை இல்லை என்று சொல்ல வேண்டும். "அத்த நெனச்சாத்தான் பேஜாரா கீது," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

போட்டிக்கு சென்னையிலிருந்து ஒரு பெரிய நிறுவனம். விண்ணப்பத்தில் 'நிறுவனத்தின் வரலாறும் வளர்ச்சியும், இரண்டு பக்கங்களுக்கு மிகாமல்' என்று ஓர் இடம் விட்டிருந்தது. அதை எழுதித்தரத்தான் என்னிடம் வந்தார்.

நான் எழுதினேன். மனிதன் தன் முழுத் திறமையையும் காட்டக்கூடாத இடங்கள் உண்டு என்று அன்று தெரியாது. 'கடம்பத்தூர் மண்ணில் விழுந்த ஒரு சிறு விதை' என்று ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தில் அதை ஆலமரமாக்கி, விழுதுகளில் மூன்று தாலுக்காக்களையும் ஊஞ்சலாட விட்டிருந்தேன்.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஒரு வரி விடவில்லை.

"மரம் எங்க வந்துச்சு சார் இதுல?"

"அது உவமை அக்கா."

"நம்ம ஆபீஸ்ல ஒரு பூந்தொட்டி கூட இல்லியே." புரட்டினார். "கட்டிலப் பத்தி ஒண்ணுமே காணம்."

"அதை எழுதினால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்."

"நீங்க சிரிப்புக் கட்டுரை எழுதறவருதானே?"

அக்கா தாளை மடித்து என் கையிலேயே கொடுத்து, "அப்பால பாத்துக்கலாம்," என்றார். பார்த்துக்கொள்வதற்குள் ஆலையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. தேர்வுக் குழு நேரில் வருகிறது. நிறுவனம் கவனித்துவரும் ஒரு நோயாளியின் வீட்டைக் குழுவுக்குக் காட்ட வேண்டும்.

சென்னை நிறுவனம் ஏற்கெனவே காட்டிவிட்டது. புதுச் சட்டை போட்ட ஒரு பெரியவர், மூன்று பணிப்பெண்கள், மேஜையில் பூங்கொத்து என்று கேள்வி.

அக்கா மறுத்துவிட்டார். "ஒடம்புக்கு முடியாம படுத்துகினு கீறவங்கள கூட்டமா வந்து வேடிக்கை பாக்கறதா? நாளைக்கு என்னையே அப்படிக் காட்டினா நான் ஒத்துக்குவனா?"

"அக்கா, வேலை போய்விடும்."

"போனா போவுது," என்றார். ஆனால் போனால் பன்னிரண்டு பேர் என்பது அவர் முகத்தில் இருந்தது.  பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை, நீளம் அளப்பதுபோல்.

"நீங்க ஒருநாள் கூடப் படுக்காமலேயே எங்க வரலாற எழுதிட்டீங்க, இல்ல?"

அப்படித்தான் நான் கட்டிலுக்கு வந்தேன்.

குழு வரும் நாளில் காலை ஒன்பது மணிக்குக் கும்மிடிப்பூண்டி அறையில் என்னைப் படுக்க வைத்து இடது மணிக்கட்டில் கைக்குட்டை கட்டினார்கள். என்னைக் கவனிக்க எஸ்தர் என்ற பெண்ணை விட்டார் அக்கா. நாற்பது வயதிருக்கும். பன்னிரண்டு பேரில் ஒருத்தி. முந்தைய நாள்தான் அதே கட்டிலில் படுத்து எழுந்தவள். அதற்கு முன் ஆறு வருடம் அதே வார்ப்பாலையில் ஒப்பந்தக் கூலியாக அச்சுக்கு மணல் சலித்தவள். கூலியாட்களுக்குப் பெரிய கேட் கிடையாது. பக்கத்துச் சின்ன வழி. போகும்போதும் வரும்போதும் காவலாளியிடம் பையைத் திறந்து காட்ட வேண்டும்.

"அண்ணே, கஷ்டமா இருந்தா சொல்லுங்க," என்றாள்.

"கேட்டால்தான் பேச வேண்டும் என்று விதி."

"அதான் கேட்டேனே," என்றாள். கெட்டிக்காரி.

படுத்த முதல் பத்து நிமிடம் சுகம். மெய்ப்பு இல்லை, மின்சாரக் கட்டணம் இல்லை. அரைமணியில் மூக்கு அரித்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு ஈ எனக்கு அறிமுகமானது. பத்தரைக்குள் கூரையில் இருந்த ஈரக்கறை எனக்கு மனப்பாடம். அப்பாவின் ஆணி ஞாபகம் வந்தது. மூன்று வாரம். அந்த ஆணியை அங்கே அடித்தவன் நான். அதில் எதையாவது மாட்டியிருக்கலாம்.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. மனிதவள மேலாளர், ஆலை மருத்துவர், இன்னோர் அதிகாரி. அக்கா எதையும் மறைக்கவில்லை. முதல் வார்த்தையே, "இவரு நல்லாத்தான் கீறாரு சார். எங்க வரலாற எழுதறவரு. நோயாளியக் காட்ட மாட்டோம், எங்க வேலையக் காட்டறோம்," என்பதுதான். மூவரும் சிரித்தார்கள். மருத்துவர் குனிந்து, "என்ன சார், சௌக்கியமா?" என்று வேறு கேட்டார்.

நான் நோயாளி இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. அவர்கள் எனக்கு மேலே பேச ஆரம்பித்தார்கள். "ஆள் கொஞ்சம் கனம்தான், ஒருத்தர் தூக்க முடியுமா?" என்றார் அதிகாரி. "சாப்பாடெல்லாம் சாப்பிடறாரா?" என்றார் மருத்துவர், என்னைப் பார்க்காமலே. மூவரும் ஜன்னலை மறைத்து நின்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று பெல்ட்டுகள். கிடைமட்டமாகக் கிடக்கிற ஒரு மனிதன் எவ்வளவு சீக்கிரம் சாமான் ஆகிவிடுகிறான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எஸ்தர் தன் பாட்டுக்கு என் முகத்தைத் துடைத்தாள். புரட்டி முதுகைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் எனக்குச் சொன்னாள். மேலாளர் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. கையில் கோப்புகள். சுற்றிலும் பார்த்தார். மேஜை எட்டத்தில் இருந்தது. மூன்று கோப்புகளையும் என் இடது கால்மேல் வைத்தார். அதன்மேல் போனை வைத்தார். எழுதத் தொடங்கினார்.

எனக்குக் காலை உதறத் தெரியும். வாய் திறந்து சொல்லவும் தெரியும். யாரும் கேட்கவில்லை. கால்மேல் எடை ஏறிக்கொண்டே போவது போலிருந்தது. எழுநூறு பக்கம், எழுநூறு பக்கம் என்று மண்டைக்குள் ஒரு குரல் எண்ணியது.

"சார்," என்றாள் எஸ்தர். "அத எடுங்க."

"எதை?"

"ஃபைல. அது மேஜை இல்ல. காலு."

மேலாளர் சிரித்தார். "அட, அவருக்குத்தான் ஒண்ணும் இல்லையேம்மா."

"இன்னிக்கி கீது சார்," என்றாள் எஸ்தர்.

சிரிப்பு நின்றது. ஆறு வருடம் அவளைச் சின்ன வழியில் விட்ட ஆலையின் மேலாளர் அவர். அவள் குரல் உயரவில்லை; என் தோளில் இருந்த கையையும் எடுக்கவில்லை. மேலாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். முதலாளி ஏதாவது சமாதானம் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு.

அக்கா இரண்டு கையையும் நீட்டினார். மேலாளர் கோப்புகளை எடுத்து அந்தக் கைகளில் வைத்தார். அக்கா அவற்றை மேஜைக்குக் கொண்டுபோய் அடுக்கி, நாற்காலியைத் துடைத்து, "இங்க குந்தி எழுதுங்க சார், வசதியா இருக்கும்," என்றார்.

அவர் உட்காரவில்லை. கோப்புகளையும் போனையும் எடுத்துக்கொண்டார். டீயும் குடிக்காமல் மூவரும் போனார்கள்.

எஸ்தர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நானே கெடுத்துட்டேன். மத்தவங்க பொழப்பையும் சேத்துக் கெடுத்துட்டேன். வாய மூடிகினு இருந்திருக்கலாம்."

"எம்மா, மணி இன்னா?" என்றார் அக்கா.

"பன்னெண்டு," என்றாள் எஸ்தர்.

"அஞ்சு மணிக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது? அவருக்குத் தொண்ட காஞ்சிருக்கும். எழுந்து தண்ணி குடு. நீ கெடுக்கல. நான் உனக்கு இன்னா சொல்லிக் குடுத்தனோ அத்த செஞ்சே. அதுக்கு வேல போனா, அது நம்ம வேல இல்ல."

நான் ஐந்து மணிவரை படுத்திருந்தேன். எழுந்தபோது இடது கால் மரத்துப்போயிருந்தது. கைக்குட்டையைக் கழற்ற மறந்து, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் வரும்வரை பஸ்ஸில் ஒரு கையாலேயே தொங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் விதையையும் ஆலமரத்தையும் கிழித்துப் போட்டேன். வேறு எழுதினேன். ஒரே வரி. 'இங்கே வேலைக்குச் சேர்கிறவர் முதல் நாள் படுத்திருப்பார்.' அதற்குக் கீழே இன்னும் ஏறக்குறைய இரண்டு பக்கம் எழுத இடம் இருந்தது. எழுத எதுவும் இல்லை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "லே…சா இருக்கு," என்றார். என் எழுத்து வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை.

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த எட்டு நாளும் அக்கா பன்னிரண்டு பேரையும் தினமும் வரவழைத்து, ஒருவர் மாற்றி ஒருவரைப் படுக்க வைத்துப் பயிற்சி கொடுத்தார். வேலை வருமா என்று கேட்டவர்களுக்கு, "நாஷ்டா சாப்டியா?" என்பதே பதிலாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மேலாளரே போன் செய்தார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்; நான் பக்கத்தில் இருந்தேன். அந்த மனிதர் முதலில் வேலை விஷயத்தை எடுக்கவே இல்லை. வேறெதையோ சொன்னார்.

"எங்கம்மா ரெண்டு வருஷமா படுக்கையில இருக்காங்கம்மா. காயப்போட்ட துணியை எடுத்துவந்து மடிச்சு அவங்க கால்மேலதான் அடுக்குவோம். கட்டில்ல இடம் இருக்கேன்னு. அன்னிக்கி சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அடுக்கி இருந்தது. எடுத்தேன். 'இதுக்குத்தான்டா ஒருத்தரும் வர மாட்டீங்களான்னு பார்த்துட்டிருந்தேன்'னு சொன்னாங்க. ரெண்டு வருஷமா ஏம்மா சொல்லலன்னு கேட்டா, 'நீங்க கேக்கலியே'ன்றாங்க."

 ஒலிபெருக்கியில் மேலாளர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உத்தரவு இன்னிக்கி வந்துடும்," என்றார் அவர். "ஒரு நிபந்தனை. அந்த அம்மா, ஃபைலை எடுக்கச் சொன்னாங்களே, அவங்கதான் எங்க ஆளுங்களுக்குப் பொறுப்பா வரணும்."

"அவங்க பேரு எஸ்தர் சார்," என்றார் அக்கா. "எழுதிக்கோங்க. மேஜை மேல வெச்சு எழுதுங்க."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து பன்னிரண்டு பேரும் ஓடி வந்தார்கள். சொன்னதும் அந்த இரண்டு அறையில் எழுந்த கூச்சல், இந்தத் தெருவிலும் யாராவது பிளீச்சிங் பவுடருக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்களோ என்று நினைக்க வைத்தது. எஸ்தர் மட்டும் கத்தவில்லை. காலியாக இருந்த கட்டிலில் போய் உட்கார்ந்து, விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வேலை தொடங்கும் நாளில் ஆலைக்குள் ஒரு சின்னக் கூட்டம் வைத்திருந்தார்கள். அக்கா புதிதாக ஒரு வண்டி வாங்கியிருந்தார். பின்னால் நோயாளியைப் படுக்க வைக்கிற பலகை பொருத்தியது. எல்லோரும் அதில் ஏறினோம். எஸ்தரை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார் அக்கா. நான் பின்னால், அச்சடித்த வரலாற்றுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவருக்கு ஒரு வரி.

வண்டி சின்ன வழியைத் தாண்டிப் பெரிய கேட்டுக்குப் போனது. காவலாளி கையைக் காட்டினார். குனிந்து பார்த்தவர் முகம் மாறிற்று.

"எஸ்தரு? நீயா?"

"நான்தான்ணே." அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி, மடியில் இருந்த பையை எடுத்துத் தானே திறந்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, வெப்பமானி, கையுறை, சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி. "பாத்துக்கோண்ணே. ஆறு வருசம் தொறந்து தொறந்து பாத்தே. இன்னிக்கித்தான் உள்ள எதனா கீது."

பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். காவலாளியும் சிரித்துவிட்டார். பிறகு நிமிர்ந்து நின்று, முன் இருக்கையைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்து, பெரிய கேட்டின் இரண்டு கதவையும் திறந்தார்.

அந்த சல்யூட்டை அக்கா பார்க்கவில்லை. அவர் எங்கள் காலடியில், அந்தப் பலகையில், புடவையைக் காலோடு ஒதுக்கிக்கொண்டு மல்லாந்து படுத்து வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறியதிலிருந்து அப்படித்தான். இடது மணிக்கட்டில் கைக்குட்டை.

"கேட்டு தாண்டிட்டமா?" என்றார்.

"தாண்டிட்டோம் அக்கா. பெரிய கேட்டு," என்றேன். 

"வண்டி பரவால்ல," என்றார் அக்கா. "கேட்டாண்ட கீற வேகத்தடதான் நேரா முதுகுல குத்துது. உள்ள போனதும் மொதல்ல அத்த இடிக்கச் சொல்லணும்."